யாரும் கை உயர்த்தாத விதி

பாடசாலைக்குக் கைபேசி கொண்டுவரக் கூடாது என்பது விதி. மீறினால் அதிபர் உம்மாவை வரவழைப்பார்; பொலிஸ் வராது. வெள்ளவத்தையில் காலி வீதியில் தலைக்கவசம் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் பொலிஸ் மறிக்கும். அது சட்டம். ஒரு நிறுவனம் தனக்காக ஆக்குவது விதி, மக்கள் தெரிவுசெய்த பாராளுமன்றம் நாட்டுக்காக ஆக்குவது சட்டம். அரசியல் விஞ்ஞானப் பரீட்சைக்கு இது போதும்.

ஆனால் எங்கள் வீடுகளைச் சுட்டது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மூன்றாவது ஒன்று: ஒழுங்குவிதி. ஏற்கெனவே உள்ள சட்டம் தரும் அதிகாரத்தைக் கொண்டு அமைச்சர் ஒருவர் வர்த்தமானியில் வெளியிடுவது. பெயர் விதி, பாரம் சட்டத்தினுடையது.

2020 ஏப்ரல் 11ஆம் திகதி அப்படியொன்று வந்தது. கொவிட்-19ஆல் மரணித்தவர்களின் உடல்களை எரிக்க வேண்டும் என்றது. அடிப்படையாகக் காட்டப்பட்டது, 1897ஆம் ஆண்டில் பிரித்தானியர் ஆக்கிய தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். எரிக்கலாம், அடக்கவும் செய்யலாம் என்றுதான் உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருந்தது. மார்ச் 2ஆம் திகதியே பாராளுமன்றம் கலைக்கப்பட்டிருந்ததால், ஏனென்று கேட்க ஓர் உறுப்பினர்கூட ஆசனத்தில் இல்லை. ஓகஸ்ட்டில் புதிய பாராளுமன்றம் கூடிய பிறகும் எரிப்பு நிற்கவில்லை.

அந்த நாட்களில் கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையிலிருந்த மூத்தம்மா ஒருவர் தன் காய்ச்சலை மறைத்தார். “ஆஸ்பத்திரிக்குப் போய் மௌத்தாகினா என்னை எரிச்சிடுவாங்க மகள்” என்று உம்மாவிடம் சொல்லிவிட்டு, பெனடோலை விழுங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். அல்ஹம்துலில்லாஹ், சுகமாகிவிட்டார். நோயைத் தடுக்க வந்த விதி நோயாளியை வைத்தியரிடமிருந்து ஒளிய வைத்தது. இதைச் சுகாதாரம் என்று எப்படிச் சொல்வது?

அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை, மதத்தைப் பின்பற்றி வெளிப்படுத்தும் சுதந்திரத்தைத் தருகிறது. அதைப் பொதுச் சுகாதாரத்துக்காக மட்டுப்படுத்தலாம். ஆனால் “சட்டத்தினால்” மட்டுப்படுத்த வேண்டும் என்கிறது 15(7). ஒழுங்குவிதியும் சட்டமாகக் கருதப்படுமா? பொதுமக்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஆக்கப்பட்டவை கருதப்படும் என்று அதே பந்தி சொல்கிறது. சுகாதார ஒழுங்குவிதியைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. இதை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. ஒரு சொல்லின் பொருளில் இத்தனை ஜனாஸாக்கள் தொங்கிக்கொண்டிருந்தனவா!

எரிப்புக்கு எதிரான மனுக்களை 2020 டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் பெரும்பான்மை முடிவால், காரணம் கூறாமல், தள்ளுபடி செய்தது. அதே மாதம் பிறந்து 20 நாளான ஒரு குழந்தை எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். கட்டியவர்களில் முஸ்லிம் அல்லாதவர்களும் இருந்தார்கள்.

2021 பெப்ரவரி 25ஆம் திகதி இன்னொரு வர்த்தமானி வந்து அடக்கத்தை அனுமதித்தது. கொழும்பு ஜனாஸாக்களும் ஓட்டமாவடி வரை போக வேண்டியிருந்தது. அதற்குள் 270இற்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் எரிக்கப்பட்டிருந்தார்கள். எரிக்கச் சொன்னதும் வர்த்தமானி, அடக்க விட்டதும் வர்த்தமானி. இரண்டுக்கும் பாராளுமன்றத்தில் யாரும் கை உயர்த்தவில்லை.

பாராளுமன்றம் ஆக்கிவிட்டால் மட்டும் சட்டம் நல்லதாகிவிடாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1979இல் தற்காலிகமென்று நிறைவேற்றி, 1982இல் நிரந்தரமாக்கியதும் பாராளுமன்றம்தான். ஆனாலும் அங்கே யார் என்ன பேசினார்கள் என்பது ஹன்சாட்டில் இருக்கும். அடுத்த தேர்தலில் அவர்களிடம் கேட்கலாம். ஏப்ரல் 11ஆம் திகதிக்கு அப்படியொரு பக்கம் இல்லை.

2024 ஜூலையில் அமைச்சரவை எரிப்புக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அடக்கமா எரிப்பா என்பதைத் தெரிவுசெய்யும் உரிமைக்கு ஒரு சட்டம் கொண்டுவரப்படும் என்றும் சொல்லப்பட்டது. செய்தியை நான் வாசித்துக் காட்டியபோது வாப்பா மன்னிப்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. “சட்டம் எப்ப வருமாம்?” என்று மட்டும் கேட்டார்.