அடித்தால் நிற்கிற பேஸ்

கீழப்பழுவூரில் திருச்சி–சிதம்பரம் சாலையும் அரியலூர்–தஞ்சாவூர் சாலையும் சந்திக்கின்றன. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடும் ஊர். நான் போன சவுண்ட் சர்வீஸ் பட்டறையில் ஸ்பீக்கர்கள் எல்லாம் தார்ப்பாய்க்கு அடியில்தான் இருந்தன. காயில் இடுக்கில் தூசி புகுந்துவிட்டால் கோன் உரசிக் கரகரக்கும், கொஞ்ச நாளில் காயிலே போய்விடும் என்றார் உரிமையாளர். முன்பக்கம் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்குப் போகும் செட்டுகள். பின்பக்கத் தகரக் கொட்டகையில் பாக்ஸ் அடிக்கும் தச்சு வேலை.

அக்கா மகனுக்காகப் போயிருந்தேன். திருச்சியில் படிக்கிறான், நண்பர்களோடு ஒரு ஹெவி மெட்டல் குழு வைத்திருக்கிறான், ஐந்து கம்பி பேஸ் கிட்டார் வாசிக்கிறான். சிங்கப்பூரில் 1992-இல் தொடங்கிய 'ருத்ரா' குழுவில் பாடிக்கொண்டே பேஸ் வாசிக்கும் கதிர் அவனுக்கு ஆதர்சம். வெளிநாட்டுப் பெட்டி வாங்க எங்களுக்கு வசதி போதாது. ஊர் ஊராகத் திருவிழா மேடைக்குப் பெட்டி செய்துகொடுப்பவர்களுக்கு இதுவும் கைவரும் என்று நம்பித்தான் அவனை அழைத்துப் போனேன்.

உரிமையாளர் முதலில் காட்டியது இரண்டு 18 இஞ்ச் ஸ்பீக்கர் வைத்த பேஸ் பாக்ஸ். கோயில் திருவிழாக்களுக்குப் போகிற பெட்டி. ஒரு பையன் ஆம்ப்பை ஏற்றினான். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது, கொட்டகைத் தகரமும் சேர்ந்து ஆடியது. அக்கா மகன் கிட்டாரைச் செருகி வேகமாக ஒரு வரிசை வாசித்தான். தனித்தனியாக விழவேண்டிய அடிகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே உறுமலாக வந்தன. இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுத் தச்சர் வந்து நின்று கேட்டார்.

"இது இழுக்குது தம்பி. உங்க பாட்டுக்கு அடிச்சா நிக்கணும்."

அவர் மெட்டல் கேட்டு வளர்ந்தவர் இல்லை. ஆனால் விஷயத்தின் முடிச்சை ஒரே வரியில் அவிழ்த்துவிட்டார். பேஸ் கிட்டாரின் வழக்கமான கடைசிக் கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. ஐந்தாவது கம்பி 31 முறை. நிமிடத்துக்கு 200 தாளம் ஓடும் ஒரு பாட்டில் இரட்டை டிரம் மிதியில் தாளத்துக்கு நான்கு அடி விழுந்தால், ஓர் அடிக்கும் அடுத்ததுக்கும் நடுவில் 75 மில்லி நொடிதான். அதற்குள் 41 ஹெர்ட்ஸ் ஒலி மூன்று சுற்றுதான் முடிகிறது. பெட்டி அதற்கு மேலும் இழுத்துக்கொண்டே இருந்தால் அடுத்த அடி எங்கே தொடங்கியது என்று காதுக்குத் தெரியாது.

திருவிழாப் பெட்டி ஏன் இழுக்கிறது? அதன் முன்பலகையில் ஒரு வாய் விட்டிருக்கிறார்கள். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதியில் முழங்கும் அல்லவா, அதே வேலைதான். பெட்டிக்குள் உள்ள காற்றும் அந்த வாயில் உள்ள காற்றும் சேர்ந்து 45, 50 ஹெர்ட்ஸ் பக்கம் தாமாக அதிர்ந்து ஸ்பீக்கருக்குத் தோள் கொடுக்கின்றன. திறந்த மைதானத்தில் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை, பேஸ் கரைந்து போகும். அங்கே இந்தத் துணை வேண்டும். ஆனால் ஸ்பீக்கர் நின்ற பிறகும் அந்தக் காற்று உடனே நிற்பதில்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. பெட்டியின் சுருதிக்குக் கீழே போனால் கோனைப் பிடித்து நிறுத்த உள்ளே காற்றழுத்தம் இருக்காது. ஐந்தாவது கம்பியின் 31 ஹெர்ட்ஸில் கோன் அளவு மீறிப் பாய்ந்து கிழியவும் கூடும்.

அதனால் மூடின பெட்டி என்று முடிவானது. உள்ளே அடைபட்ட காற்று கோனை இழுத்துப் பிடிக்கும். ஆம்பெக் நிறுவனம் 1969-இல் கொண்டுவந்த, எட்டு 10 இஞ்ச் ஸ்பீக்கர் வைத்த பெரிய பெட்டியும் இப்படி மூடினதுதான். ராக், மெட்டல் மேடைகளில் இன்றும் அதைப் பார்க்கலாம். மூடின பெட்டியில் அடி பேஸ் கொஞ்சம் குறையும். குறைந்தால் குறையட்டும் என்பதுதான் என் கருத்து. 31 ஹெர்ட்ஸின் மேல்சுரங்களான 62-உம் 93-உம் தெளிவாக விழுந்தால், அடிச்சுரத்தை நம் காதே கூட்டிக்கொள்கிறது. தவிர, கிட்டார்கள் இரண்டும் இரைச்சலோடு வாசிக்கும்போது பேஸ் தனியாகக் கேட்பது அதன் நடுச் சுரங்களால்தான். 18 இஞ்ச் கோன் அங்கே மந்தமாகிவிடும்; 10 இஞ்ச் சுறுசுறுப்பாகப் பேசும். எனவே நான்கு 10 இஞ்ச்.

எத்தனை வாட்ஸ் என்று எல்லோரும் கேட்கிறார்கள், ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் கொடுக்கிறது என்று யாரும் கேட்பதில்லை என உரிமையாளர் வருத்தப்பட்டார். அவர் சொல்வது சரி. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் ஏறுவது 3 டெசிபல். 97 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 100 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால் அதே பலன், சின்ன ஆம்ப்பிலேயே கிடைத்துவிடும்.

18 எம்.எம். பிளைவுட், எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று போதுமானதாக இருந்தது. அறுக்குமுன் தச்சர் ஷீட்டை நிமிர்த்தி விரல்முட்டியால் ஓரம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். உள்ளடுக்கில் பொள்ளல் இருந்தால் அந்த இடத்தில் ஓசை மாறும். மூலைகளில் பெவிகால் வழிய வழியப் பூசி, உள்ளே குறுக்குச் சட்டம் கொடுத்தார். சட்டம் இல்லாவிட்டால் பலகையே ஸ்பீக்கராகிப் பாடும் என்றார்.

பசை காய்ந்த பிறகு மறுபடி போனபோதுதான் அந்தச் சோதனையைப் பார்த்தேன். ஒரு ஸ்பீக்கரின் கோனில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்து மெல்ல அழுத்தினார். பக்கத்து மூன்று கோன்களும் வெளியே தள்ளின. கையைத் தளர்த்தாமல் காத்திருந்தார். தள்ளிய கோன்கள் மெதுவாக, மிக மெதுவாகத்தான் உள்ளே திரும்பின. சட்டென்று திரும்பியிருந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது என்று பொருள். அப்புறமும் மனம் கேட்காமல், பின்பலகையின் கேபிள் துளை அருகே ஊதுபத்தியைப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டார். புகை கலையவில்லை.

ஆம்ப்பை ஏற்றிய பையனோடு கொஞ்ச நேரம் பேசினேன். திருவிழா முடிந்து வந்தால் மறுநாள் மதியம் வரை காதில் ரீங்காரம் இருக்கும் என்று சர்வசாதாரணமாகச் சொன்னான். எனக்குப் பதறியது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை தாங்கும் காது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் கணக்கு. பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து விடியவிடியக் காவல் காப்பவன் அவன். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதிகள் சொல்வது ஊருக்கு மட்டுமல்ல, அவனுக்கும்தான். காதடைப்பான் சில ஜோடி வாங்கிக் கொடுத்தேன். மெட்டல் குழுவும் அது இல்லாமல் பயிற்சி செய்யக்கூடாது என்று அக்கா மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

கடைசி வேலை இணைப்பு. ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒவ்வொரு ஸ்பீக்கரின் முனையிலும் உரிமையாளர் தொட்டுத் தொட்டு எடுத்தார். நான்கு கோன்களும் வெளியேதான் குதிக்கவேண்டும். ஒன்று உள்ளே போனாலும் மற்றவற்றின் பேஸை அது தின்றுவிடும். நாலும் 8 ஓம்ஸ். இரண்டிரண்டாகத் தொடரில் கோத்து, அந்த இரு ஜோடிகளையும் பக்கவாட்டில் இணைத்ததும் மொத்தம் அதே 8 ஓம்ஸ் வந்தது. பின்பலகையில் வெள்ளைப் பெயிண்டில் அதை எழுதிவிட்டு அக்கா மகனைக் கூப்பிட்டார்.

"பின்னால இதே மாதிரி இன்னொரு பாக்ஸ் சேத்துக்கலாம் தம்பி, நாலு ஓம்ஸ் ஆவும், உங்க ஆம்ப் தாங்கும். மூணாவது மட்டும் போட்றாதீங்க. ரூம்ல மூலையை ஒட்டியும் வைக்காதீங்க, பேஸ் ஊதிக்கும். ஒரு முழம் தள்ளி வச்சு வாசிச்சுப் பாருங்க."

பெட்டியைச் சாக்கில் சுற்றி ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றினோம்.