கத்தி ஊருக்கு ஒரு டிக்கெட்!

நீங்க முதன்முதலா ஷேவ் பண்ணினது எப்படி? ஹாஸ்டல் பாத்ரூம்ல, ரூம்மேட்டோட யூஸ் அண்ட் த்ரோ ரேஸரை அவனுக்குத் தெரியாம சுட்டுத்தானே? நானும் அப்படித்தான் பாஸ். இத்தனைக்கும் எங்க வீட்டுல மூணு தலைமுறையா கத்தி பிடிக்கிறாங்க. எங்கப்பா சலூன் வச்சிருக்கார்.

இந்தக் கடைசி வரியை காலேஜ் படிச்ச நாலு வருஷமும் நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. ‘அப்பா என்ன பண்றார்?’னு கேட்டா ‘பிசினஸ்’னு சொல்லிட்டு பேச்சை மாத்திடுவேன். ஏன்னு உங்களுக்கே தெரியும். கோபம் வந்தா எந்தத் தொழிலோட பேரை வசவா எடுத்து வீசுறாங்கன்னு உங்க கிளாஸ்லயே கேட்டிருப்பீங்க.

தாத்தாவோட மரப்பெட்டியில் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். அதோட வால் பக்கத்துல பொடி எழுத்தில் ஒரு பேர்: ‘சோலிங்கன்’. அது கம்பெனி பேருன்னுதான் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். மேல்படிப்புக்கு ஜெர்மனி வந்து ரயில் மேப்பைப் பார்த்தா... அட, அது ஒரு ஊரு!

வாங்க, போலாம். கொலோனிலிருந்து ரயில் ஏறினா அரை மணி நேரத்துக்குள்ள சோலிங்கன். சுமார் 1.6 லட்சம் பேர் வாழும் நகரம். கரன்ட் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஓடும் டிராலி பஸ் இங்கே 1952-லிருந்து ஓடுது. அதுல ஏறி கிராஃப்ராத் பகுதிக்குப் போங்க. கறுப்பு ஸ்லேட் சுவர், வெள்ளை ஜன்னல் சட்டம், பச்சைக் கதவுன்னு வீடெல்லாம் பொம்மை செட் மாதிரி இருக்கும். அங்கே ஒரு பழைய கன்னிமாடத்துக்குள்ளதான் ஜெர்மன் கத்தி மியூசியம். வாள், சாப்பாட்டுக் கத்தி, கத்தரி... அந்த வரிசையில் சவரக்கத்தியும்! தாத்தா பெட்டியில் துணி சுத்திக் கிடந்த சமாசாரம் இங்கே கண்ணாடிக்குப் பின்னால விளக்கு வெளிச்சத்துல இருக்கு. அந்த இடத்துலயே கொஞ்ச நேரம் நின்னுட்டேன்.

‘சோலிங்கன்’ங்கிற பேருக்கு 1938-லிருந்தே சட்டப் பாதுகாப்பு உண்டு. முக்கியமான வேலையெல்லாம் அந்த வட்டாரத்துலயே நடந்தாத்தான் கத்தியில் அந்தப் பேரைப் பொறிக்கலாம். 2012-லிருந்து ஊரோட அதிகாரப்பூர்வப் பேரே ‘கத்தி நகரம் சோலிங்கன்’!

அதுக்காக எல்லாம் பெருமைக் கதைன்னு நினைச்சிடாதீங்க. வுப்பர் ஆத்தங்கரைக்கு இறங்கினா, தண்ணிச் சக்கரத்துல ஓடின பழைய சாணைப் பட்டறைகளைப் பார்க்கலாம். ஆளுயரச் சாணைக்கல் முன்னாடி குனிஞ்சு உட்கார்ந்தவங்களுக்கு, கல் தூசி நுரையீரல்ல படிஞ்சு இருமல்லயே ஆயுசு முடிஞ்சிருக்கு. செஞ்ச சரக்கைக் கூடையில் அடுக்கி, தலையில சுமந்து வியாபாரிகிட்ட கொண்டுபோய்ச் சேர்த்தது பெண்கள். அந்தக் கஷ்டத்தையும் இந்த ஊர் மறைக்கல.

திரும்பும்போது பழைய பொருள் சந்தையில் ஒரு கத்தி வாங்கினேன். அகலம் 5/8 அங்குலம், நம்ம கணக்குல 16 மில்லிமீட்டர். முனை உருண்டையா இருக்கும். புதுசா கத்துக்கிறவங்களுக்கு அதுதான் சேஃப். கூர் தீட்டித் தர்ற கடையில் கொடுத்து ரெடி பண்ணிட்டு, ரூமுக்கு வந்து அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

“அப்பா, கத்தி பிடிக்கக் கத்துக்கொடுங்க.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பத்து வயசுல கடைக்கு வாடான்னு கூப்பிட்டப்ப ஓடிப்போன பையனாச்சே நான்! கொஞ்ச நேரம் கழிச்சு, “மொதல்ல தோல் வாரை எங்கயாவது மாட்டு”ன்னார்.

வார்ல தீட்டும்போது கத்தியோட முதுகு முன்னாடி போகணும், கூர் பின்னாடி வரணும். திருப்பும்போது முதுகு மேலயே புரட்டணும். நான் அவசரத்துல தூக்கித் திருப்பினேன். வார்ல ஒரு வெட்டு. “முதுகு தோலை விட்டு எழக்கூடாதுடா. மெதுவா. இது ரேஸ் இல்ல”ன்னார்.

அப்புறம் முகம். வெந்நீர் ஒத்தடம், பிரஷ்ல கெட்டியா நுரை. இடது கையால தோலை இழுத்துப் பிடிக்கணும். கத்தியை முகத்திலிருந்து சுமார் 30 டிகிரி சாய்ச்சு, முடி வளர்ற திசையிலேயே சின்னச் சின்னதா இறக்கணும். அழுத்தவே கூடாது. பக்கவாட்டுல ஒரு நூல் நகர்ந்தாலும் அறுத்துடும்.

“இன்னிக்கு கன்னம் மட்டும். தாடை, மேலுதடு பக்கம் போகாத.”

கேட்டேனா? தாடை வளைவுல சரக்! ரத்தம் மெல்லிசா கோடு போட்டுச்சு. அப்பா திட்டல. “படிகாரம் இருக்கா? தண்ணியில நனைச்சு வை. கத்தியைத் துடைச்சு, ஈரமில்லாம ஒரு சொட்டு எண்ணெய் தடவு. இல்லேன்னா துருப்பிடிச்சிடும்”னார்.

அப்பவே கேட்டேன்: “நீங்க ஏன்பா இந்தக் கத்தியை விட்டுட்டீங்க?”

“எய்ட்ஸ் பயம் வந்துச்சுல்ல. ஆளுக்கொரு புது பிளேடு போடணும்னாங்க. அது நியாயம்தானே. அதான் தாத்தா கத்தியைப் பெட்டியில வச்சுட்டேன்.”

மூணு வாரமாச்சு ஃப்ரெண்ட்ஸ், ரெண்டு கன்னமும் ஒழுங்கா வர. என் முகம், என் கை, கண்ணாடி எல்லாம் இருந்தும் எனக்கே இந்தப் பாடு. அப்பா முப்பது வருஷமா தினமும் முன்னப்பின்ன தெரியாதவங்க தொண்டையில கத்தி வைக்கிறார். அவங்க கண்ணை மூடித் தூங்குறாங்க! அந்தக் கத்தியைச் செஞ்ச ஊருக்கு மியூசியம், சட்டம். அதைப் பிடிச்ச கைக்கு நம்ம ஊர்ல கிடைச்சது வசவு. அதை ஒளிச்சு வச்சதுல நானும் ஒரு பங்குதாரர்.

போன வாரம் லேப்ல ஒரு ஃப்ரெண்ட் தாடை வெட்டைப் பார்த்து, “யார்டா பார்பர்?”னு கிண்டலடிச்சான். “நான்தான். எங்கப்பா சலூன் வச்சிருக்கார், அவர்கிட்ட கத்துக்கிறேன்”னேன். நாலு வருஷம் சொல்லாததைச் சொல்ல நாலு செகண்ட்தான் ஆச்சு.

சோலிங்கன் போனா நீங்களும் ஒரு கத்தி வாங்குங்க. விமானத்துல செக்-இன் பெட்டியில மட்டும் வைங்க, கைப்பையில வச்சா பிடுங்கிடுவாங்க! போக முடியலையா? இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க தெரு சலூன்ல உட்காரும்போது செல்போனைக் கீழே வச்சுட்டு, “அண்ணே, கத்தி பிடிக்க யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?”னு கேட்டுப் பாருங்க. நான் இவ்ளோ தூரம் போய்த் தெரிஞ்சுக்கிட்டது அந்த நாற்காலியிலேயே உங்களுக்குக் கிடைக்கும்!