கூட்டத்துக்கு என்ன பெயர்?

இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் லண்டனைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். குளிர்காலமாயிருந்தால் கம்பளிச் சட்டை இரண்டாகப் போட்டுக்கொண்டு, மேற்கே ஸெவர்ன் நதியின் முகத்துவாரத்தருகே உள்ள ஸ்லிம்பிரிட்ஜ் கிராமத்துக்குப் போய் வாருங்கள்.

அங்கே ஆற்றோரப் புல்வெளியில் பெருவாத்துகள் மேய்ந்துகொண்டிருக்கும். நம் ஊர் வாத்தைவிடப் பெரிய உடம்பு, நீண்ட கழுத்து, நெற்றியில் வெள்ளைப் பட்டை. ருஷ்யாவின் வடகோடியிலிருந்து பறந்து வந்த விருந்தாளிகள் அவை. "இந்தக் கூட்டத்துக்கு என்ன பெயர்?" என்று பக்கத்தில் நிற்பவரைக் கேளுங்கள். "காகிள்" என்பார். அவை போடும் சத்தத்திலிருந்தே பிறந்த சொல்! பொழுது சாய்ந்ததும் அவை எழும்பி, வரிசை பிடித்து, ஆற்று மணல் திட்டை நோக்கிப் பறக்கும். இப்போது மறுபடி கேளுங்கள். "ஸ்கெய்ன்" என்பார். அதாவது, நம் ராட்டைக்காரர்கள் சொல்லும் நூல் சிட்டம். அண்ணாந்து பார்த்தால் உங்களுக்கே புரியும். வானத்தில் யாரோ சிட்டத்தைப் பிரித்துவிட்டாற்போல் இருக்கும்.

'காகிள்' பழைய சொல். 1486-ல் அச்சான 'ஸெயின்ட் ஆல்பன்ஸ் புத்தகம்' என்ற வேட்டை நூலிலேயே இருக்கிறது. அதே பட்டியலில் பெண்கள் கூட்டத்துக்கும் அதே சொல்லைத்தான் போட்டிருக்கிறார்கள்! இந்த வரியை மட்டும் வீட்டில் உரக்கப் படிக்காதீர்கள்.

பெயர் இருந்தால் போதுமா? கூட்டம் இருக்க வேண்டாமா?

தென் துருவம் சென்று திரும்பாத காப்டன் ஸ்காட்டின் மகன் பீட்டர் ஸ்காட். இளமையில் வாத்து வேட்டையில் மோகம் கொண்டவர். பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, 1946-ல் இதே ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவைகளுக்கென்று ஒரு புகலிடம் அமைத்தார். அப்போது ஹவாய்த் தீவுகளில் 'நேனே' என்ற பெருவாத்து அழியும் தறுவாயில் இருந்தது. காட்டில் மிஞ்சியவை சுமார் முப்பதுதான். 1950-ல் அங்கிருந்து ஒரு ஜோடியை வரவழைத்தார். ஆசையோடு காத்திருந்தால், இரண்டுமே முட்டையிட்டன! ஜோடி என்று வந்தவை இரண்டும் பெண்கள்! அவசர அவசரமாக ஓர் ஆண் பறவையை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். அதன் பிறகு குஞ்சுகள் பெருகின. 1962-ல் அந்த வம்சத்துப் பறவைகள் ஹவாயின் மாவி தீவுக்குத் திரும்பிப் போயின. ஹவாயிலும் அவற்றை வளர்த்துக் காட்டில் விட்டார்கள். 2019-ல் அங்கே நேனேக்களின் எண்ணிக்கை 2,800-ஐ எட்டியிருந்தது.

ருஷ்யாவிலிருந்து வரும் அந்த வெள்ளை நெற்றிக்காரர்களோ இப்போது ஸ்லிம்பிரிட்ஜுக்கு முன்போல ஆயிரக்கணக்கில் வருவதில்லை, கொஞ்சமாகத்தான் வருகிறார்கள். ஆகவே, அந்தி வானத்தில் அந்தச் சிட்டம் பிரிவதைக் கண்டால், கழுத்து வலித்தாலும் கடைசி இழை மறையும்வரை பார்த்துவிட்டு வாருங்கள். சொல்லை அகராதி காப்பாற்றிவிடும். கூட்டத்தை மனிதர்தான் காப்பாற்ற வேண்டும்.