நாய்க்கும் பல் வலிக்கும் மக்களே!

"நாய் வாய்னா நாறத்தான் செய்யும். இதுக்கெல்லாமா டாக்டர்?"

இப்படிக் கேட்டது எங்க அம்மா. அம்மா மட்டுமில்லீங்க, நாய் வளர்க்கிற நிறைய பேர் இப்படித்தான் நினைக்கறாங்க. அதனாலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

எங்க வீட்டு ஸ்பிட்ஸ் புஜ்ஜிக்கு இப்ப பன்னெண்டு வயசு. எதிர் வீட்டுக்காரங்க வெளிநாட்டுல இருக்கிற மகன்கிட்ட போனப்ப, போன வருஷம் எங்ககிட்ட விட்டுட்டுப் போனாங்க. வந்த ஒரே வாரத்துல மூணு விஷயம் கண்ணுல பட்டுச்சு. பக்கத்துல வந்து கொட்டாவி விட்டா நாம மூக்கைப் பொத்திக்கணும். பிஸ்கட்டை ஒரு பக்கமாவே கடிக்கும். கடைவாய்ப் பல்லெல்லாம் பழுப்பு, ஈறு செக்கச்செவேல்னு இருந்துச்சு. ஆனா சாப்பாடு மட்டும் ஒருவேளை கூட விட்டதில்ல. "நல்லா சாப்பிடுதே, அப்புறம் என்ன வலி?"ன்னாங்க அம்மா.

அதையே டாக்டர்கிட்ட கேட்டேன். "வலியோடவே சாப்பிடும் சார். சாப்பாட்டை நிறுத்துச்சுன்னா ரொம்ப முத்திப் போச்சுன்னு அர்த்தம்"னார்.

விஷயம் இதுதான். வளர்ந்த நாய்க்கு 42 பல். பல் மேல கிருமிப் படலம் படிஞ்சுக்கிட்டே இருக்கும். துடைக்காம விட்டா எச்சில்ல இருக்கிற தாது உப்பு சேர்ந்து ஒரு சில நாள்லயே கல்லு மாதிரி காரையா இறுகிடும். ஈறு சிவந்து வீங்குறது முதல் கட்டம். அப்பவே சுத்தம் பண்ணிட்டா சரியாகிடும். அதைத் தாண்டி ஈறுக்கு அடியில போய், பல்லைத் தாங்குற எலும்பைக் கரைக்க ஆரம்பிச்சா, போன எலும்பு தானா திரும்பி வராது. சின்ன ஜாதி நாய்க்கு அதே 42 பல்லும் சின்னத் தாடையில நெருக்கியடிச்சு நிக்கிறதால இந்தத் தொல்லை அதிகம். முத்தினா மேல் கோரைப்பல் பக்கம் மூக்கு வரைக்கும் ஓட்டை விழலாம். கீழ்த்தாடை மெலிஞ்சு உடையக்கூட செய்யும்.

இந்த நிலைமைக்கு வைத்தியம்னா, முழு மயக்கம் குடுத்துத்தான் பண்ணணும். எக்ஸ்ரே எடுத்து, ஈறுக்கு அடியில சுரண்டி, ஆடுற பல்லை எடுக்கணும். மயக்கம் குடுக்காம சுரண்டி விட்டா வெளியில தெரியற பல் வெள்ளையாகும், அவ்ளோதான். உள்ள இருக்கிற நோய் அப்படியே இருக்கும்.

மயக்க மருந்துன்னதும் அம்மா ஒரேயடியா மறுத்துட்டாங்க. "இந்த வயசுல மயக்க ஊசியா? எந்திரிக்கலன்னா என்னடா பண்ணுவ?" ரெண்டு நாள் வீட்டுல சரியா பேச்சே இல்ல. அவங்க பயம் நியாயமானதுதான். ஆபத்தே இல்லன்னு டாக்டரும் சொல்லல. ரத்தப் பரிசோதனை பண்ணி சிறுநீரகம், கல்லீரல் பார்த்தாங்க. இதயத்தையும் சோதிச்சாங்க. எல்லாம் ஓரளவு நல்லாவே இருந்துச்சு. ஒரு பக்கம், வரலாம் வராமலும் போகலாம்ங்கற ஆபத்து. இன்னொரு பக்கம், தினம் மூணு வேளை அது அனுபவிக்கிற வலி. இதைச் சொன்னப்புறம்தான் அம்மா அரை மனசா தலையாட்டினாங்க.

ஆறு பல் எடுத்தாங்க. சாயந்திரம் தள்ளாடிக்கிட்டே வீட்டுக்கு வந்துச்சு. ரெண்டு வாரம் அம்மாவே சோத்தைக் குழையப் பிசைஞ்சு ஊட்டினாங்க. மூணாவது வாரம் ஒரு நாள், வந்ததுலேர்ந்து தொட்டே பார்க்காத ரப்பர் பந்தைக் கவ்விக்கிட்டு அம்மா முன்னாடி வந்து நின்னுச்சு!

இப்போ தினம் ராத்திரி பல் தேய்ப்பு உண்டு. படலம் சில நாள்லயே இறுகிடறதால வாரம் ஒரு தடவை தேய்ச்சா பத்தாது. எடுத்தவுடனே பிரஷ்ஷோட போனா நாய் ஓடிடும். முதல்ல சில நாள் விரலால உதட்டைத் தூக்கி ஈறைத் தடவிப் பழக்குங்க. அப்புறம் விரல்ல மெல்லிசா துணி சுத்தி, கடைசியா குழந்தைங்களோட மெத்து பிரஷ். பல்லோட வெளிப்பக்கம் தேய்ச்சாலே முக்கால்வாசி வேலை முடிஞ்சுது. முக்கியமா மேல் கடைவாய், காரை அதிகம் படியற இடம் அதுதான். ஏற்கெனவே ஈறு புண்ணா இருந்தா முதல்ல டாக்டர், அப்புறம்தான் பிரஷ்.

எலும்பு கடிச்சா பல் சுத்தமாகும்னு சொல்லுவாங்க. வேகவெச்ச எலும்பு சில்லு சில்லா உடைஞ்சு தொண்டையையும் குடலையும் குத்தும். கெட்டியான எலும்பு பல்லையே உடைச்சிடும். கட்டைவிரல் நகத்தால அழுத்தினா கொஞ்சமாவது பதியணும். பதியாத எதையும் கடிக்கக் குடுக்காதீங்க.

இன்னிக்கு ராத்திரி உங்க வீட்டுச் செல்லத்தோட மேலுதட்டை ஒரு தடவை தூக்கிப் பாருங்க. வரட்டா?

பி.கு: நம்ம டூத்பேஸ்ட் நாய்க்கு வேண்டவே வேண்டாம். அதுக்குத் துப்பத் தெரியாது, முழுங்கிடும். சில பேஸ்ட்ல இருக்கிற சைலிட்டால் நாய்க்கு விஷம். ரத்தத்துல சர்க்கரை சட்டுன்னு இறங்கிடும், கல்லீரலும் கெடும். நாய்க்குன்னே பேஸ்ட் விக்குது. கிடைக்கலன்னா வெறும் தண்ணி போதும்.