என்ன பட்டா என்று கேளுங்கள்

பெரியபட்டினம் பக்கம் நம் காலனிகளில் வீட்டுமனை கைமாறும் பேச்சு வந்தாலே, "பட்டா இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்பார்கள். என்ன பட்டா என்று நாம் கேட்பதில்லை.

ஆதிதிராவிடர் நலத்துறை இலவசமாகக் கொடுத்த மனை என்றால் அது நிபந்தனைப் பட்டா. குறிப்பிட்ட காலம் விற்கக் கூடாது, மீறினால் அரசே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். முப்பது வருசத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் இது தெரியாது. அதில் வருவது பதிவான பத்திரங்கள் மட்டும்தான். ஒப்படை ஆணையை வாங்கிப் படிக்க வேண்டும். தாலுகா ஆபீசில் அ-பதிவேட்டையும் பார்க்க வேண்டும்.

வடக்கே, செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கைக்குப் பின் 1892இல் வந்த பஞ்சமி நிலத்துக்கும் இப்படி ஒரு காப்பு இருந்தது. 10 ஆண்டு விற்கக் கூடாது, பிறகும் நம் மக்களுக்கு மட்டுமே விற்கலாம். எழுத்தில் இருந்தும் நிலம் போனது. காரணை நிலத்தை மீட்கப் போராடியபோதுதான் 1994 அக்டோபர் 10இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள்.

இப்போது புரோக்கர்கள் "பவர் மட்டும் எழுதிக் கொடுங்க" என்கிறார்கள். பவரை வைத்து உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே சொல்லிவிட்டது. விற்கிற அக்காவுக்குப் பாதி விலை, வாங்குகிற கூலிக்காரருக்குச் சொந்தமே இல்லை. கமிஷன் மட்டும் முழுசாகப் போய்விடும்!

தடையில்லாத மனையை வாங்கினால் வீட்டுப் பெண்கள் பேரில் பதியுங்கள். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரையான சொத்துக்குப் பதிவுக் கட்டணம் 1% குறைவு. அந்த மிச்சத்தில், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே தாய்ப்பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிடலாம்.