ரோந்துக்கு ஒரு வரி: புளோரிடாவும் பெங்களூரும்

நகரின் நலிந்த பகுதி ஒன்றைப் புதுப்பித்துக் கட்டும்போது அங்குள்ள மனைகளின் மதிப்பு உயர்கிறது. அந்த உயர்விலிருந்து கிடைக்கும் வரியின் ஒரு பங்கை, அதே பகுதியில் வழக்கத்துக்கு மேற்பட்ட காவலர்களை நிறுத்தி மக்களோடு பழகவிடும் சமுதாயக் காவல் பணிக்குச் செலவிடலாம் என்பது, இம்மடல் எழுதப்படும் புளோரிடா மாநிலத்தில் சட்டமாகவே இருக்கிறது. பெங்களூரில் புதுப்பிக்கப்படும் பகுதிகளுக்குக் குறைவில்லை, மதிப்பு உயர்வுக்கும் குறைவில்லை; ஆனால் கூடுதல் காவலுக்கான பணம் யாருடையது, அதைக் கொடுப்பவருக்கு அதன்மீது என்ன உரிமை என்பது மட்டும் இதுவரை முறையாக வகுக்கப்படவில்லை. வகுக்கப்படாததால் அந்தச் செலவு இல்லாமல் போய்விடவில்லை, வேறு வாசல்கள் வழியாக நடந்துகொண்டிருக்கிறது.

புளோரிடாவின் ஏற்பாட்டை முதலில் விளக்குவது நல்லது. 1969ஆம் ஆண்டின் சமுதாயப் புதுவளர்ச்சிச் சட்டப்படி, ஒரு நகராட்சி தன் எல்லைக்குள் நலிந்து கிடக்கும் பகுதியை வரையறுத்து அறிவித்து, அதற்கெனத் தனி முகமை ஒன்றை அமைக்கலாம். அதற்கான நிதியை நிறுவும்போது கடைசியாக மதிப்பிடப்பட்டபடி அப்பகுதிச் சொத்துகளின் மதிப்பு எவ்வளவோ அதுவே அடிப்படை மதிப்பாக நிறுத்தப்படும். பின்னர் மதிப்பு ஏறுவதால் கூடுதலாக வரும் வரி மட்டும், பொதுவாக அதில் 95 சதவீதம், முகமையின் தனி நிதியில் சேரும். வரி 10 கோடியிலிருந்து 14 கோடியாக உயர்ந்தால், பழைய 10 கோடி வழக்கம்போல் பொதுக் கருவூலத்துக்குப் போக, இடையிலுள்ள 4 கோடியின் பெரும்பகுதி அந்தப் பகுதிக்கே திரும்பி வரும் என்று கொள்ளலாம். இந்நிதியைச் செலவிடத்தக்க இனங்களில் சமுதாயக் காவலும் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது. நடை ரோந்து, கடைத்தெருவிலேயே சிறு காவல் நிலையம், குடியிருப்போரின் கூட்டுக் கண்காணிப்பு, வாகன ரோந்தைத் தீவிரமாக்குதல் எனச் சட்டத்தின் வரையறையே அதை விரித்துச் சொல்கிறது. அதே சட்டம், புதுவளர்ச்சித் திட்டத்தோடு தொடர்பில்லாத பொது நிர்வாகச் செலவுக்கு இந்நிதியைத் தொடக்கூடாது என்றும் தடுக்கிறது. நகரம் எப்படியும் கொடுத்தாக வேண்டிய காவலர் சம்பளத்தை இந்த நிதியின் தலையில் கட்டிவிட்டு, மிச்சமான பணத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும் தந்திரத்துக்கு அங்கே இடமிருக்கக் கூடாது என்பதே தடையின் பொருள். எனவே, இந்தக் காவலர் உண்மையிலேயே கூடுதலா என்ற கேள்விக்கு ஒவ்வோர் ஆண்டும் கணக்குப் புத்தகம் பதில் சொல்லியாக வேண்டும்.

இச்சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ வேண்டியதில்லை. தெருவில் போகிறவரை நிறுத்தி, யார், எங்கே, எதற்கு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும் விசாரணையும் அதே வரையறைக்குள் சமுதாயக் காவல் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது. மனை மதிப்பு ஏற வேண்டும் என்று விரும்பும் முகமையின் பணத்தில் அந்த விசாரணை நடக்கும்போது, யார் அதிகம் நிறுத்தப்படுவார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஆனாலும் புளோரிடாவிடம் கற்றுக்கொள்ளத்தக்க ஒன்று உண்டு: பணம் எங்கிருந்து வந்தது, எதற்குப் போனது என்பதைக் கேட்பதற்குச் சட்டத்திலேயே ஓர் இடம் இருக்கிறது.

பெங்களூருக்கு வந்தால் நிலைமை அடிப்படையிலேயே வேறாகிறது. இந்திய அரசியலமைப்பில் காவல்துறை மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. மாநகராட்சி சாலை போடலாம், விளக்குக் கட்டலாம், குப்பை அள்ளலாம், ஒரு கான்ஸ்டபிளை நியமிக்க முடியாது. பெங்களூரின் சொத்துவரி ரசீதைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு இது இன்னும் தெளிவாகத் தெரியும்: வரித் தொகைக்குக் கீழே சுகாதார செஸ் 15 சதவீதம், நூலக செஸ் 6 சதவீதம், பிச்சை ஒழிப்புக்கு 3 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். நூலகத்துக்கும் இரவலர் மறுவாழ்வு இல்லத்துக்கும் நகரவாசி தனித்தனியாகக் கட்டுகிறார், தெரு ரோந்துக்கு ஒரு வரியும் இல்லை. புதிய கட்டுமானத்திலிருந்து பணம் எடுக்கும் வழியும் கர்நாடகத்துக்குப் புதிதன்று. நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் 18ஏ பிரிவு, வளர்ச்சித் திட்டங்களுக்கு அனுமதி கொடுக்கும்போதே குடிநீர்த் திட்டம், சுற்றுச்சாலை, குடிசைப்பகுதி மேம்பாடு, விரைவுப் போக்குவரத்து ஆகியவற்றுக்காகச் செஸ்ஸும் கூடுதல் வரியும் வசூலிக்க இடம் தருகிறது. மதிப்பு உயர்வில் பொதுவுக்கும் பங்குண்டு என்ற கொள்கை ஏற்கப்பட்டுவிட்டது. காவல் மட்டும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது.

இதன் விளைவு ஒரு விசித்திரமான ஏற்றத்தாழ்வு. புதுப்பித்தலுக்கென வரும் பணம் ஏறத்தாழ முழுவதும் மூலதனச் செலவு, அதாவது ஒருமுறை வாங்கி வைக்கும் பொருளுக்கான செலவு. மாதந்தோறும் சம்பளமாகப் போகும் செலவுக்கு அங்கே இடம் மிகக் குறைவு. 2017இல் பெங்களூர் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தேர்வானது. அத்திட்டத்தின் கீழ் நகரின் பழைய கடைத்தெருவான கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் தரைக்கற்கள் மாறின. அதற்கு முன்பே பிரிகேட் சாலைக்கும் செயின்ட் மார்க்ஸ் சாலைக்கும் இடையிலுள்ள சர்ச் ஸ்ட்ரீட், டெண்டர்ஷூர் என்ற சாலை வடிவமைப்பு நெறியின்படி கல் பதித்து 2018இல் திறக்கப்பட்டு, 2020 நவம்பர் தொடங்கிச் சில மாதங்கள் வார இறுதிகளில் வாகனமில்லாத் தெருவாகவும் இருந்தது. பெண்களின் பாதுகாப்புக்காக நிர்பயா நிதியிலிருந்து எட்டுப் பெருநகரங்களுக்கு வகுக்கப்பட்ட பாதுகாப்பான நகரம் திட்டத்தில் பெங்களூருக்கு ஒதுக்கீடு 667 கோடி ரூபாய். மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதம். காமிராக்களும் கட்டுப்பாட்டு அறையும் அதில் பெரும்பங்கு பெற்றன. காமிராவை ஒப்பந்தப்புள்ளி விட்டு வாங்கிவிடலாம். பூக்காரம்மாவின் பெயர் தெரிந்த, எந்தக் கடையின் ஷட்டர் எத்தனை மணிக்கு இறங்கும் என்று தெரிந்த ஒரு கான்ஸ்டபிளை அப்படி வாங்க முடியாது, ஏனெனில் அவர் 30 ஆண்டுச் சம்பளமும் ஓய்வூதியமும் கொண்ட செலவினம்.

வெறும் எண்ணிக்கையும் போதாது என்பதை 2016 டிசம்பர் 31 இரவு காட்டியது. எம்.ஜி. சாலையிலும் பிரிகேட் சாலையிலும் ஏறத்தாழ 1,500 போலீசார் நிறுத்தப்பட்டிருந்தும் புத்தாண்டுக் கூட்டத்தில் பெண்கள் மானபங்கத்துக்கு ஆளானார்கள். ஓர் இரவுக்கு வேறு நிலையங்களிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களுக்கு அந்தத் தெருவைத் தெரியாது, தெருவுக்கும் அவர்களைத் தெரியாது.

அரசு நிதி ஆளுக்குக் கிடைக்காத இடத்தில் தனியார் பணம் நுழைவது இயல்பு. இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு எலக்ட்ரானிக்ஸ் சிட்டி. கர்நாடக அரசின் மின்னணு நிறுவனமான கியோனிக்ஸின் தலைவராயிருந்த ஆர்.கே. பாலிகாவின் முயற்சியில் 1978இல் கோனப்பன அக்ரஹாரத்திலும் தொட்டதோகூரிலுமாக 332 ஏக்கரில் தொடங்கப்பட்ட இந்தத் தொழிற்பேட்டை, 2013இல் எல்சிட்டா எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தொழில் நகரிய ஆணையமாக மாறியது. அரசியலமைப்பின் 243கியூ பிரிவு, தொழில் நிறுவனங்களே நகரச் சேவைகளை அளிக்கும் இடத்தில் நகராட்சி அமைக்காமல் அதைத் தொழில் நகரியமாக அறிவிக்க ஆளுநருக்கு இடம் கொடுக்கிறது. அந்த வழியில் எல்சிட்டா தன் எல்லைக்குள் சொத்துவரியைத் தானே வசூலித்து, சாலை, விளக்கு, கண்காணிப்புக் காமிரா முதலியவற்றைத் தானே பார்த்துக்கொள்கிறது. மாநகரின் பிற பகுதிகளிலிருந்து அங்கே நுழைபவர் வித்தியாசத்தை நடைபாதையிலேயே உணர்வார். இவ்வேற்பாட்டில் இரண்டு கூறுகள் தனித்துக் கவனிக்கத்தக்கவை. வசூலாகும் வரியில் ஏறத்தாழ 30 சதவீதம், நிலம் முன்பு எந்தக் கிராம பஞ்சாயத்துகளின் கீழ் இருந்ததோ அவற்றுக்குத் திரும்பிச் செல்கிறது. வளம் வேலிக்குள் முடங்கிவிடாமல் ஒரு பங்கு வெளியேயும் பாய்வது பாராட்டத்தக்கது. ஆனால் நகரியத்தில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மன்றம் கிடையாது. அங்கே இரவுப் பணி முடித்து நடந்து போகும் கேன்டீன் ஊழியருக்கு, காமிரா எங்கே திரும்ப வேண்டும் என்பதில் எந்தக் குரலும் இல்லை.

பணம் கொடுப்பவருக்குப் போலீஸ் என்ற எண்ணம் தகவல் தொழில்நுட்பக் காலத்தில் பிறந்ததன்று. பிரிட்டிஷ் இந்தியாவின் 1861ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் 13ஆம் பிரிவு, விண்ணப்பிக்கும் தனிமனிதரின் செலவில் கூடுதல் போலீஸை நிறுத்த வழி செய்தது. 14ஆம் பிரிவு ரயில் பாதை போன்ற பெருவேலைகள் நடக்கும் இடங்களுக்கு, அந்த வேலையை நடத்துபவரின் செலவில் கூடுதல் படை கொடுத்தது. 15ஆம் பிரிவோ கலகம் நிகழ்ந்த வட்டாரத்தில் கூடுதல் போலீஸைக் குடியேற்றி, அதன் செலவை அங்குள்ள மக்களிடமே தண்டியது. அந்நாளில் தனிச் சட்டம் இருந்த சென்னை மாகாணத்திலும் நடைமுறை வேறாக இல்லை. 1899ஆம் ஆண்டின் சிவகாசிக் கலவரத்துக்குப் பின் தண்டப் போலீஸ் நிறுத்தப்பட்டதைத் தெற்கத்தி ஊர்களின் வரலாறு மறக்கவில்லை. ஆக, கூடுதல் காவல் என்பது இந்நாட்டுச் சட்ட மரபில் வசதியுள்ளவருக்கு வாங்கும் பண்டமாகவும், எளியவருக்கு விதிக்கும் தண்டமாகவும் ஒரே ஏட்டின் அடுத்தடுத்த பிரிவுகளில் இடம்பெற்றிருக்கிறது. புதிய நிதி ஏற்பாடு எதையும் இந்தப் பழைய ஏட்டை மறந்துவிட்டு எழுதுவது பேதைமை.

பெங்களூரில் அந்த இரண்டாம் முகத்தைக் கண்டவர்களில் தமிழர்களும் உண்டு. கோரமங்களாவை ஒட்டிய ஈஜிபுராவில், பொருளாதாரத்தில் நலிந்தோருக்கென மாநகராட்சி கட்டிக்கொடுத்த அடுக்குக் குடியிருப்புகள் சிதைந்துபோன பின், ஏறத்தாழ 15 ஏக்கர் நிலம் தனியார் கூட்டில் மறுவளர்ச்சிக்கு ஒதுக்கப்பட்டது. அங்கேயே கொட்டகை போட்டுத் தங்கியிருந்த சுமார் 1,500 குடும்பங்கள், தமிழ் பேசும் தலித் குடும்பங்கள் கணிசமாக அடங்கியவை, 2013 ஜனவரியில் போலீஸ் காவலோடு வெளியேற்றப்பட்டன. அவர்களில் பலர் சர்ஜாபூர் சாலைப் பக்கம் சூலிகுண்டேக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மறுவளர்ச்சிப் பகுதிக்குக் கூடுதல் காவல் அன்றும் வந்தது, நிதிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதாகத் தெரியவில்லை. அது இடிப்பு எந்திரத்துக்கு அளிக்கப்பட்ட காவல்.

அதே காவல்துறை வேறு விதமாகவும் நடந்துகொள்ள முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுண்டு. 1999 முதல் 2001 வரை திருச்சி மாநகரக் காவல் ஆணையராயிருந்த ஜே.கே. திரிபாதி, நகரைச் சிறு பீட்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் நிலையான காவலர்களை அமர்த்தினார், புகார்ப் பெட்டிகள் வைத்தார், குடிசைப்பகுதிகளைக் காவல்துறை தத்தெடுக்கும் திட்டத்தையும் நடத்தினார். இருந்த ஆட்களை வேறு முறையில் பயன்படுத்தியதே அதன் பலம், அதிகாரி மாறியதும் தளர்வதே அத்தகைய முயற்சிகளின் பலவீனம். மறுபுறம், 1993இல் ராமநாதபுரத்தில் காவல் அதிகாரி பிரதீப் பிலிப் தொடங்கிய பிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் என்ற தொண்டர் அமைப்பு, சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்ததையடுத்து 2020 ஜூலையில் தமிழ்நாட்டில் தடைக்கு உள்ளானது. சம்பளமில்லாத் தொண்டரைக் காவல் நிலையத்துக்குள் சேர்ப்பது மலிவான வழி. மலிவுக்கும் ஒரு விலை உண்டு.

கர்நாடகத்திலும் முயற்சிகள் இல்லாமலில்லை. 2013இல் ஜனாக்ரஹா என்ற தன்னார்வ அமைப்போடு சேர்ந்து பெங்களூர் போலீஸ், ஏரியா சுரக்ஷா மித்ரா என்ற பெயரில் குடியிருப்போரைத் தொண்டர்களாகச் சேர்த்தது. சுபாஹு என்ற ரோந்துச் செயலி வந்தபின் ரோந்துக் காவலர் குறிப்பேட்டில் கையெழுத்துப் போடுவதற்குப் பதிலாகச் சுவரில் ஒட்டிய கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் ஸ்கேன் செய்கிறார். 2025 ஜூலையில் வீடுதோறும் போலீஸ் என்ற பொருளில் மனே மனேகே போலீஸ் திட்டம் தொடங்கப்பட்டது. நோக்கத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் பந்தோபஸ்து, நீதிமன்றம், போக்குவரத்து, சம்மன் என்று ஏற்கெனவே பிழியப்படும் அதே கான்ஸ்டபிளின் தலையில்தான் வீட்டு வாசலில் நின்று நலம் விசாரிக்கும் வேலையும் ஏறுகிறது. கியூஆர் குறியீடு அவர் வந்ததைச் சொல்லும், நின்று பேசினாரா என்பதைச் சொல்லாது.

ஆகவே புதுப்பிக்கப்படும் பகுதியின் மதிப்பு உயர்விலிருந்து காவலுக்குப் பணம் எடுப்பதை மறுப்பதற்கில்லை. எடுக்கும் முறைதான் முக்கியம். பணம் நேராக மாநிலக் கருவூலத்துக்குப் போய், காவலர் மணிநேரமாக மட்டுமே திரும்பி வர வேண்டும். சென்ற ஆண்டு அந்தப் பீட்டில் எத்தனை மணிநேரம், இந்த ஆண்டு எத்தனை, கூடுதலானது வேறு எந்த நிலையத்திலிருந்தும் பிடுங்கப்பட்டதா என்பது வெளியிடப்பட வேண்டும். எல்சிட்டாவின் பஞ்சாயத்துப் பங்கைப் போல, அந்தப் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் சென்று சேர்ந்த இடத்துக்கும் ஒரு பங்கு கட்டாயம் போக வேண்டும். காவலர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைப் பணம் கட்டுவோர் சங்கம் சொல்லக் கூடாது. கடைக்காரர், குடியிருப்பவர், நடைபாதை வியாபாரி மூவரும் அமரும் வார்டு குழு சொல்ல வேண்டும். இதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. பெங்களூர் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் தேர்தலே நடத்தப்படவில்லை. 2024ஆம் ஆண்டின் கிரேட்டர் பெங்களூர் ஆட்சிமுறைச் சட்டப்படி நகரம் 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டபோதும், முதலில் நாற்காலியில் அமர்ந்தவர்கள் அதிகாரிகளே. வார்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் வந்து அமராதவரை 18ஏ பிரிவின் பட்டியலில் காவலைச் சேர்க்காமலிருப்பதே மேல்.