மருமகன் பொருத்தித் தந்த கணிப்பொறி



உங்கள் இல்லத்தில் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளை இருக்குமாயின், கணிப்பொறி வேண்டும் என்னும் விண்ணப்பம் உங்கள் முன்னும் ஒருநாள் வந்திருக்கும். எங்கள் இல்லத்தில் அது 2024ஆம் ஆண்டு, இளையவனின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான மறுநாள் வந்தது. அவன் கேட்டது சாதாரணக் கணிப்பொறியன்று, 'கேமிங்' கணிப்பொறி. முப்பரிமாணப் படங்களை உருவாக்கும் கலையைக் கற்க விரும்புவதாகவும், அதற்குரிய வலிமை அத்தகைய பெட்டிக்கே உண்டு என்றும் விளக்கினான். அவன் தாயாருக்கு விளக்கத்தில் ஒரே ஒரு சொல்தான் காதில் விழுந்தது. "விளையாடுவதற்கா 95,000 ரூபாய்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

நான் சிவகாசியில் 31 ஆண்டுகள் ஆப்செட் அச்சகத்தில் மெஷின்மேனாக உழைத்து ஓய்வு பெற்றுச் சொந்த ஊராகிய மல்லாங்கிணற்றில் வசிப்பவன். ஓய்வுபெற்றபோது கையில் வந்த பணத்தில் மிச்சமிருந்ததிலிருந்துதான் இந்தத் தொகையை எடுத்தேன். இதைச் சொல்லக் காரணம் உண்டு. பின்னால் நான் நடந்துகொண்ட விதத்தில் அந்தப் பணத்தின் பதற்றமும் கலந்திருந்தது.

விருதுநகரில் என் மைத்துனரின் மகன் சிறியதொரு கணிப்பொறிப் பழுதுநீக்கும் கடை வைத்திருக்கிறார். எனக்கு மருமகன் முறை. மதுரையில் ஒரு கடையில் உதிரிப் பாகங்களை அவரே தேர்ந்து வாங்கி, ரசீதுகளை என் கையில் ஒப்படைத்து, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த வாரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பொருத்தினார். மதர்போர்டு, பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்., நினைவகமாகிய இரண்டு ரேம் பட்டைகள். விசையை அழுத்திய பின்னரும் சில நிமிடங்கள் திரை இருளாகவே இருந்தது. நான் கலங்கினேன். "முதன்முறை அப்படித்தான் மாமு. இது டி.டி.ஆர்.5 வகை ரேம். மதர்போர்டு அதனோடு பழகிக்கொள்கிறது" என்றார். சொன்னபடியே திரை ஒளிர்ந்தது. கூலி வாங்க மறுத்து, தேநீர் மட்டும் அருந்திச் சென்றார்.

மூன்றாம் நாள் இரவு அந்தப் பெட்டி நின்றது.

நின்றது என்றால் அணைந்து போகவில்லை. திரை முழுதும் நீலமாகி, ஏதோ ஆங்கில வாசகம் தோன்றி, தானே மறுபடி தொடங்கியது. (அந்த நீலத் திரையை 2025இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் கறுப்பாக மாற்றிவிட்டது. நிறம் மாறியதில் யாருக்கு என்ன ஆறுதலோ!) மறுநாள் இருமுறை நின்றது. அதற்கு மறுநாள் ஒருமுறையும் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய்வருவதற்குள் நான்கு முறை. விளையாட்டின் நடுவில் நின்றால் பாரம் தாங்கவில்லை எனலாம். வெறுமனே ஒரு பக்கத்தைத் திறந்து வைத்திருந்த போதும் நின்றது. ஒருமுறை தோன்றிய வாசகம் மறுமுறை தோன்றவில்லை. ஒன்றில் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றிருந்தது. மற்றொன்று வேறெதையோ சுட்டியது. விண்டோஸ் தானே எழுதி வைக்கும் நிகழ்வுப் பதிவேட்டைப் பையன் திறந்து காட்டினான். அதில் 'கர்னல் பவர் 41' என்னும் குறிப்பு வரிசையாக இருந்தது. பெயரில் 'பவர்' என்றிருக்கவே, 'கண்டேன் காரணத்தை' என்று எழுந்துவிட்டேன். முறையாக மூடப்படாமல் கணிப்பொறி மறுபடி தொடங்கியது என்பதற்கு மேல் அந்தக் குறிப்பு எதுவும் சொல்வதில்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். மயங்கி விழுந்தவரைப் பற்றி 'விழுந்தார்' என்று எழுதி வைப்பது போன்றதுதான் அது.

எங்கள் வீடு பழைய வீடு. கணிப்பொறியின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் விரலில் சிறு துடிப்பு. டெஸ்டரை வைத்தால் எரிந்தது. சுவரிலிருந்த மூன்று துளை சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தபோது, மேல் துளைக்கு எர்த் கம்பியே வரவில்லை. வீடு கட்டிய நாளிலிருந்து அது வெறும் துளைதான்! எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் வடிகட்டிகளிலிருந்து மிகச்சிறு அளவு மின்சாரம் கசிந்து எர்த் வழியே மண்ணுக்குப் போக வேண்டும். வழி இல்லாததால் அது பெட்டியின் உடம்பிலேயே நின்றிருந்தது. கொல்லைப்புறத்தில் குழி தோண்டிக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் இட்டு, நீர் ஊற்றி, கம்பி இழுத்தோம். விரலில் துடிப்பு நின்றது. அன்றிரவு பெட்டியும் நின்றது.

ஒரு குறையைக் கண்டவுடன் அதுவே நாம் தேடிய குறை என்று நம்பிவிடுவது எத்தனை இயல்பாக நிகழ்கிறது, பாருங்கள். எர்த் இல்லாதது மெய்யான குறை, ஆபத்தான குறையும்கூட. ஆனால் பெட்டி நின்றதற்கு அது காரணமன்று.

அடுத்து வெயிலைச் சந்தேகித்தோம். பக்கத்து மூடியைத் திறந்து மேசை விசிறியை வைத்தோம். பிராசஸரின் வெப்பம் 70 பாகையைத் தாண்டவில்லை. கிராபிக்ஸ் கார்டுக்குரிய மென்பொருளை நீக்கிப் புதிதாக ஏற்றினான். விண்டோஸையே அழித்து மறுபடி ஏற்றினான். எதுவும் பயன் தரவில்லை.

இதற்கிடையில் மருமகன் இருமுறை தொலைபேசியில் பேசினார். பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தால் ரேமைச் சோதித்துப் பார்ப்பதாகச் சொன்னார். நான் அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்பதைத்தான் இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. 'புதிது என்று சொல்லிப் பழைய சாமானை வைத்துவிட்டாரோ, இப்போது கேட்பது அதை மறைக்கத்தானோ' என்று ஓர் எண்ணம் என் உள்ளத்தில் நுழைந்திருந்தது. கூலி வாங்க மறுத்ததுகூட அப்போது எனக்கு ஒரு சான்றாகத் தோன்றியது!

ஆகஸ்டில் விருதுநகரில் உறவினர் வீட்டு நிக்காஹ். விருந்து முடிந்து மண்டப வாசலில் நின்றிருந்தோம். யாரோ ஒருவர் என் மைத்துனரிடம், "உங்கள் மகன் கணிப்பொறி வேலையில் கெட்டிக்காரராமே?" என்று விசாரித்தார். முந்திக்கொண்டு நான் சொன்னேன்: "வேலையும் தெரியும், எந்தச் சாமானை எங்கே மாற்றி வைப்பது என்றும் தெரியும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். மைத்துனர் சிரிக்கவில்லை. கையிலிருந்த தேநீர்க் குவளையை அப்படியே திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போனார். ஊர் திரும்பும் பேருந்தில் என் மனைவி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதன்பின் அவர் பிறந்த வீட்டிலிருந்து தொலைபேசி வருவதும் நின்றது.

அந்த நாட்களில் பையன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தான். இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறைப் பிராசஸர்களில் சில, காரணம் புலப்படாமல் தடுமாறுவதாக உலகெங்கும் புகார் எழுந்திருந்தது. அவற்றிலும் காட்சிக்கு வந்த வாசகம் தவறாக வழிகாட்டியது. கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் போதவில்லை என்று விளையாட்டு சொல்லும். பிழை இருந்ததோ பிராசஸரில். அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைப் பிராசஸர் கேட்டுப் பெற்று, காலப்போக்கில் தன்னைத் தானே நலிவுறச் செய்துகொண்டது. நிறுவனம் 2024 ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டதுடன், உத்தரவாதக் காலத்தையும் மேலும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. எங்கள் பெட்டியில் இருந்தது வேறு நிறுவனத்தின் பிராசஸர். ஆகவே அந்தச் செய்தி எங்களுக்குப் பொருந்தவில்லை.

எனினும் அதைத் தொடர்ந்து அவன் வாசித்துக் காட்டிய பழைய நிகழ்ச்சி ஒன்று என்னைச் சிந்திக்க வைத்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் தாமஸ் நைஸ்லி என்னும் கணிதப் பேராசிரியர் 1994இல் பகா எண்கள் பற்றிய கணக்கொன்றில் சிறு முரண்பாட்டைக் கண்டார். அவர் உடனே பிராசஸரைக் குறை சொல்லவில்லை. முதலில் தம் நிரலில் பிழை தேடினார். பின்னர் மற்றப் பாகங்களை ஒவ்வொன்றாக விலக்கினார். எல்லாம் விலகிய பிறகே, பென்டியம் பிராசஸர் வகுத்தல் கணக்கில் தவறுகிறது என்று அந்த ஆண்டு அக்டோபரில் இன்டெல்லுக்குத் தெரிவித்தார். அந்தத் தவற்றுக்காக அந்நிறுவனம் 47.5 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுத நேர்ந்தது.

முதலில் தம்மிடமே பிழை தேடினார் என்ற இடத்தில் எனக்கு என் அச்சகம் நினைவுக்கு வந்தது. ஆடிப்பெருக்கு கழிந்தால் சிவகாசியில் காலண்டர் வேலை சூடு பிடிக்கும். நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்த வேண்டும். மயிரிழை விலகினாலும் படத்திலுள்ளவரின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். விலகலுக்குக் காரணம் பிளேட்டாக இருக்கலாம், பிளாங்கெட்டாக இருக்கலாம், தண்ணீர் மிகுதியாக இருக்கலாம், காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தாள் விரிந்திருக்கலாம். நான் தொழில் கற்ற போர்மேனின் கட்டளை இதுதான்: ஒரு நேரத்தில் ஒரு திருகு, திருகியதை எழுதி வை, இரண்டைச் சேர்த்துத் திருகினால் எது குணமாக்கிற்று என்று உனக்கே தெரியாது. 31 ஆண்டுகளில் தாளையும் இயந்திரத்தையும் பார்க்காமல் பக்கத்தில் நின்ற தொழிலாளியை நான் குற்றம் சொன்னதில்லை. என் வீட்டுக் கூடத்தில் அந்த ஒழுங்கை எங்கே தொலைத்தேன்?

பையனிடம் சொன்னேன்: "இனிமேல் ஒவ்வொன்றாகச் சோதிப்போம். நோட்டுப் புத்தகத்தில் எழுது."

அவன் சற்றுத் தயங்கி, "மச்சானும் முதல் வாரமே இதைத்தான் சொன்னார், அத்தா. ரேமிலிருந்து தொடங்கு என்றார். தோன்றும் வாசகம் ஒவ்வொரு முறையும் மாறினால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டுமாம்" என்றான். நான் பதில் சொல்லவில்லை.

அதற்கென்று மெம்டெஸ்ட்86 என்னும் மென்பொருள் இருக்கிறது. இதன் முதல் வடிவம் 1994இலேயே எழுதப்பட்டது. இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸைத் தொடங்காமல் நேரே அதிலிருந்தே கணிப்பொறியை இயக்க வேண்டும். நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் ஒன்றை எழுதும், மறுபடி வாசிக்கும், எழுதியதும் வாசித்ததும் ஒன்றா என்று பார்க்கும். 16 ஜி.பி. பட்டை ஒன்றில் 13,700 கோடிக்கும் அதிகமான நுண்ணிய அறைகள். ஒவ்வொன்றிலும் இருப்பது ஒன்று அல்லது சுழி. அவற்றில் ஒன்று பிசகினாலும் என்ன ஆகும் என்பதற்குப் பெல்ஜியத்தில் 2003 மே 18இல் நடந்த தேர்தலைச் சொல்வார்கள். பிரஸ்ஸல்ஸ் நகரை ஒட்டிய ஸ்கார்பேக்கில் ஒரு வேட்பாளருக்குப் பெற வாய்ப்பே இல்லாத அளவில் வாக்குகள் பதிவாயின. மறுபடி எண்ணியபோது மிகுதி சரியாக 4096. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே பன்னிரண்டாம் படிக்கு வந்தால் கிடைக்கும் எண் அது. நினைவகத்தில் ஒரே ஒரு சுழி ஒன்றாகியிருக்கிறது. விண்வெளியிலிருந்து வந்த கதிர்த் துகளின் வேலையாக இருக்கலாம் என்று கருதினார்கள்.

இஷா தொழுதுவிட்டுச் சோதனையைத் தொடங்கினோம். முதல் மணி நேரத்தில் எதுவும் இல்லை. பையன் உறங்கிவிட்டான். சுப்ஹுக்கு எழுந்து பார்த்தால் பிழைகள்: 37.

ரேம், நிறுவனம் விளம்பரப்படுத்திய 6000 வேகத்தில் ஓடும்படி அமைக்கப்பட்டிருந்தது. இது பொதுத்தரத்துக்கு மேற்பட்ட வேகம். பயாஸில் நாமாகத் தேர்ந்தால்தான் வரும். அதை நீக்கி 4800க்குக் குறைத்தோம். பிழைகள் குறைந்தன, ஒழியவில்லை. மறு இரவு ஒரு பட்டையைக் கழற்றிவிட்டு மற்றொன்றை மட்டும் வைத்துச் சோதித்தோம். விடியும்வரை ஒரு பிழையும் இல்லை. அதே துளையில் இரண்டாம் பட்டையை வைத்தோம். ஒரு மணி நேரத்துக்குள் பிழை. அதை வேறு துளைக்கு மாற்றினோம், அங்கும் பிழை. ஆகவே மதர்போர்டு குற்றமற்றது. முத்திரையிட்ட உறையிலிருந்து என் கண் முன்னால் பிரிக்கப்பட்ட அந்தப் பட்டை, பிறக்கும்போதே குறையோடு பிறந்திருந்தது. மருமகன் எதையும் மாற்றி வைக்கவில்லை. ரசீதில் இருந்த எண்ணும் பட்டையின் மேலிருந்த எண்ணும் ஒன்றே. அதை நான் முதல் நாளே ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம்.

இப்படிப் பெட்டி வாங்கும் வாசகர்களுக்கு ஒன்று. வீட்டுக்கு வந்த முதல் இரவே இந்தச் சோதனையை ஓட்டிவிடுங்கள். ரசீதையும் அட்டைப் பெட்டியையும் எறிய வேண்டாம். இரட்டையாக விற்கப்பட்ட பட்டைகளில் ஒன்று கெட்டாலும் இரண்டையும் அனுப்பவே எங்களிடம் சொன்னார்கள். உறை இருந்ததால் பிழைத்தோம்.

அன்று மாலையே மனைவியை அழைத்துக்கொண்டு விருதுநகர் சென்றேன். மைத்துனர் வாசலில் நின்றபடி ஸலாமுக்குப் பதில் சொன்னார், உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே, "மண்டபத்தில் சொன்னது தவறு. உங்கள் மகன் முதல் வாரமே சரியாகச் சொன்னார். நான்தான் கேட்கவில்லை" என்றேன். அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. "அதை அவனிடம் சொல்லுங்கள். மண்டபத்தில் கேட்டவர்களிடமும் சொல்லுங்கள்" என்றார். நியாயம்தான். கேட்டவர்கள் நான்கு பேர். மூவரைக் கண்டு சொல்லிவிட்டேன். நான்காமவர் ஊருக்கு வரும்போது சொல்ல வேண்டும்.

கடைக்குச் சென்றபோது மருமகன் ஒரு மடிக்கணிப்பொறியைப் பிரித்து வைத்திருந்தார். நான் சொன்னதைத் தலை நிமிராமல் கேட்டார். பின்பு மேசை இழுப்பறையைத் திறந்து ரேம் பட்டை ஒன்றை எடுத்துத் தந்தார். "புதிது வர மூன்று வாரம் ஆகும், மாமு. தம்பிக்குக் கல்லூரி தொடங்கிவிட்டது. அதுவரை இதை வைத்துக்கொள்ளட்டும்" என்றார்.

சொன்னபடி மூன்று வாரத்தில் புதிய இரட்டை வந்தது. இம்முறை அவரே மல்லாங்கிணறு வந்து மாட்டினார். இரண்டு இரவுகள் சோதித்தோம், பிழை எதுவுமில்லை. கிளம்பும்போது சாக்கெட்டை டெஸ்டரால் தொட்டுப் பார்த்து, "எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிறீர்களா, மாமு?" என்று கேட்டார்.

தோண்டிய நாளுக்குப் பிறகு ஊற்றவில்லை. அவர் போனதும் இரண்டு குடம் ஊற்றினேன்.